மகனை இழந்தவரும் பேரனை இழந்தவரும்

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், மெக்சிகோ எல்லைக்கு அருகே சான் டியாகோ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அந்நகரத்துப் பள்ளிக்கூட மண்டபங்களில் இரு பெரியவர்கள் அருகருகே அமர்ந்து மாணவர்களோடு உரையாடுவதைப் பல்லாண்டுகளாகப் பலர் கண்டிருக்கின்றனர். ஒருவர் கென்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய முஸ்லிம். பெயர் அஸீம் கமீஸா. மற்றவர் கறுப்பினத்தவர், அமெரிக்க இராணுவத்தின் சிறப்புப் படையில் பணியாற்றியவர், பெயர் பிளெஸ் ஃபீலிக்ஸ். முன்னவரின் மகனைப் பின்னவரின் பேரன் சுட்டுக் கொன்றான். அந்த உண்மையை மறைக்காமல் பிள்ளைகளிடம் எடுத்துரைப்பதற்காகவே இருவரும் ஒன்றாக மேடையேறினார்கள்.

இச்செய்தியை முதன்முதலாகப் படித்தபோது, 'இது எப்படி இயலும்?' என்ற வியப்பைவிட, 'இது சரிதானா?' என்ற ஐயமே என்னுள் மேலோங்கியது. கொன்றவன் வீட்டாரோடு கைகோப்பது கொல்லப்பட்டவனுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? அன்பு என்ற பெயரால் நீதியைக் கைவிடுவது ஆகாதா? வாசகர்களில் பலருக்கும் இதே கேள்வி எழக்கூடும். அதற்கு விடை காண வேண்டுமானால் நடந்ததை முழுமையாக அறிந்தாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை இரவு

1995ஆம் ஆண்டு ஜனவரி 21. ரமளான் பிறை தென்பட ஏறத்தாழப் பத்து நாட்களே இருந்தன. அஸீமின் ஒரே மகன் தாரிக்குக்கு வயது 20, பல்கலைக்கழக மாணவர். கைச்செலவுக்காக ஓர் உணவகத்தில் பீட்சா கொண்டு சேர்க்கும் வேலையைப் பகுதிநேரமாகச் செய்து வந்தார். அன்றிரவு வந்த அழைப்பு போலியானது. பதின்வயதுச் சிறுவர்கள் சிலர், பணம் கொடுக்காமல் பீட்சாவைப் பறித்துக்கொள்ளத் திட்டமிட்டு வரவழைத்திருந்தனர். குறிப்பிட்ட முகவரியில் யாரும் இல்லாததால் தாரிக் திரும்பிக் காரில் ஏறினார். கூட்டத்தின் தலைவனாக இருந்த 18 வயது இளைஞன் சுடும்படி ஏவ, துப்பாக்கியைப் பிடித்திருந்த சிறுவன் சுட்டான். ஒரே ஒரு குண்டு. சுட்ட சிறுவனின் பெயர் டோனி ஹிக்ஸ், வயது 14.

ஒரு பீட்சாவுக்காகப் போன உயிர் அது.

டோனி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வன்முறையின் நடுவே பிறந்து வளர்ந்தவன். அவனைக் காப்பாற்ற எண்ணித்தான் தாய்வழிப் பாட்டனார் பிளெஸ் ஃபீலிக்ஸ் தம்மிடம் அழைத்து வைத்துக்கொண்டார். வீட்டிலே கண்டிப்பும் கட்டுப்பாடும் இருந்தன. ஆனால் பையனுக்குத் தெருவின் ஈர்ப்பு பெரிதாகிவிட்டது. அந்த வார இறுதியில்தான் அவன் பாட்டனாரின் வீட்டை விட்டு ஓடிப்போயிருந்தான். மறுபடியும் அவனைப் பற்றிய செய்தி அவருக்குக் கிடைத்தபோது அவன் கொலைக் குற்றவாளியாக இருந்தான்.

அஸீம் கமீஸா அப்போது பன்னாட்டு முதலீட்டுத் துறையில் பணிபுரிந்தவர். பயணமும் பணியுமாக வாழ்ந்தவர். மகனின் மரணச் செய்தி தம்மை எப்படிச் சிதைத்தது என்பதை அவர் பலமுறை பேசியும் எழுதியும் இருக்கிறார். ஆயினும் தொடக்கத்திலிருந்தே அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது: துப்பாக்கியின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. ஒரு முனையில் தம் மகன். மறுமுனையில் பதினான்கு வயதுப் பாலகன் ஒருவன். அவன் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்பதற்கு அவன் மட்டுமா பொறுப்பு? அவனை வளர்த்த தெரு, அந்தத் தெருவைக் கைவிட்ட அரசு, ஆயுதத்தைக் கடைச்சரக்கு ஆக்கிய நாடு, இவற்றுக்கெல்லாம் பங்கு இல்லையா? அந்நாட்டின் குடிமகன் என்ற முறையில் தமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று அவர் கருதினார்.

அவர் இஸ்மாயிலி பிரிவைச் சேர்ந்தவர். அவர்களின் மரபுப்படி நாற்பது நாள் துக்கம் கழிந்ததும், இறந்தவரின் ஆன்மாவுக்காக நற்செயல்களில் ஈடுபட வேண்டும் என்று ஆன்மிகப் பெரியவர் ஒருவர் அவருக்கு உரைத்தாராம். (நம்மிடையே கணவனை இழந்த மனைவிக்கு அன்றி மற்றவர்க்கு மூன்று நாளுக்கு மேல் துக்கம் இல்லை என்பதை வாசகர்கள் அறிவர், எனினும் இறந்தோர்க்காக நிலையான தருமம் செய்யும் ஸதகத்துல் ஜாரியா நமக்கும் புதியதன்று.) அந்தச் சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. மகன் மறைந்த ஒன்பதாவது மாதத்தில், 1995 அக்டோபரில், மகனின் பெயராலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்னொரு சிறுவன் துப்பாக்கி ஏந்தாதபடி தடுப்பதே அதன் நோக்கம்.

அடுத்த மாதம் அவர் சிறுவனின் பாட்டனாரைச் சந்திக்க விரும்பினார். பழிவாங்கும் எண்ணத்தோடு தாம் வரவில்லை என்றும், இருவருமே ஒரு பிள்ளையை இழந்து நிற்கிறோம் என்றும் கூறி, தம் பணியில் துணைநிற்குமாறு வேண்டினார். தம்மால் இயன்ற எதையும் செய்யக் காத்திருந்த பிளெஸ் ஃபீலிக்ஸ், அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். பின்னர் அவர் தாரிக்கின் குடும்பத்தார் கூடியிருந்த இடத்துக்கே சென்று அவர்கள் முன் நின்றார். கொலையாளியின் பாட்டனாராக அந்த வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்க எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மன்னித்தவரை உலகம் புகழ்கிறது. மன்னிப்புக் கேட்டு வாசற்படி மிதித்தவரை அவ்வளவாகப் புகழ்வதில்லை.

மன்னிப்பும் பொறுப்பும்

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அஸீம் மன்னித்தார் என்பதற்காக டோனி விடுவிக்கப்படவில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் பதினான்கு வயதுச் சிறுவர்களையும் பெரியவர்களைப் போலவே விசாரிக்கலாம் என்ற சட்டம் அந்த ஜனவரி முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்கீழ் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டவன் டோனியே. அவன் வழக்கை நீட்டித்துத் தப்பிக்க முயலவில்லை. 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்று தீர்ப்பாயிற்று.

ஆண்டுகள் சில கழிந்தபின், 2000ஆம் ஆண்டில், அஸீம் சிறைக்குச் சென்று டோனியை நேருக்கு நேர் கண்டார். நெடுநேரம் அவன் கண்களையே உற்று நோக்கியும் அங்கே ஒரு கொலைகாரனைத் தம்மால் காண இயலவில்லை என்றும், தம்மைப் போன்ற ஓர் ஆன்மாவையே கண்டதாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தாம் மன்னித்துவிட்டதை அவனிடம் கூறி, விடுதலையாகி வரும் நாளில் தாரிக்கின் பெயரால் இயங்கும் அறக்கட்டளையில் அவனுக்கு ஒரு வேலை காத்திருக்கும் என்றும் வாக்களித்தார். அவனை விடுவிக்குமாறு ஆளுநருக்கு எழுதவும் செய்தார்.

அன்பு என்பது குற்றத்தைத் துடைத்துவிடுவது என்று பொருள் கொள்வோர் இதில் ஏமாந்து போவார்கள். குற்றம் குற்றமாகவே நின்றது. அதைச் செய்தவன் தன் வாயால் ஒப்புக்கொண்டான். அவன் வீட்டார் அதை மறைக்கவில்லை. இவை நடந்ததனால்தான் மன்னிப்புக்கு ஒரு பொருள் இருந்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 178ஆம் வசனத்தை ஓதும்போதெல்லாம் அறிஞர்கள் ஒரு நுட்பத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். கொலைக்குப் பழி வாங்கும் உரிமையை அவ்வசனம் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு வழங்குகிறது. அதே வசனம் மன்னிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் கொலையாளியையும் கொல்லப்பட்டவரின் உரியவரையும் சகோதரர்களாக இணைத்துப் பேசுகிறது. இரத்தம் உலராத நேரத்தில் சகோதரத்துவத்தை நினைவூட்டும் வேதம் இது. ஆனால் மன்னித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அது விட்டுவிடவில்லை. மன்னிக்கப்பட்டவன் நட்ட ஈட்டை நல்ல முறையில் செலுத்தியாக வேண்டும் என்ற கடமையையும் அங்கேயே விதிக்கிறது. உரிமை, கருணை, பொறுப்பு மூன்றும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

சிறைகள் நிறைந்த நாடு

அஸீமின் செயல் தனிமனிதர் ஒருவரின் பெருந்தன்மை மட்டும் அன்று. அமெரிக்காவில் வெள்ளையர் அல்லாத மக்களிடையே, அதாவது கறுப்பர், பூர்வகுடிகள், இலத்தீன் அமெரிக்கர், ஆசிய வழிவந்தோர் ஆகியோரிடையே, பல்லாண்டுகளாக நடந்துவரும் ஒரு பெரிய விவாதத்தோடு அது தொடர்புடையது.

அந்நாட்டின் சிறைக்கணக்கு எவரையும் திகைக்க வைக்கும். 1970களின் தொடக்கத்தில் மத்திய, மாநிலச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். 2009ஆம் ஆண்டுக்குள் அது 16 இலட்சத்தை எட்டிவிட்டது. உள்ளூர்ச் சிறைக்கூடங்களில் விசாரணைக்குக் காத்திருப்போரைச் சேர்த்தால் இன்னும் பல இலட்சம் கூடும். மக்கள்தொகையில் கறுப்பர்கள் எட்டில் ஒரு பங்கை ஒட்டியவர்களே. சிறைவாசிகளிலோ அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். 1865இல் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தமே, குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. அடிமைத் தளை அறுந்த கையோடு சிறைத் தளை பூட்டப்பட்டது என்று கறுப்பின அறிஞர்கள் கூறுவதற்கு இதுவே அடிப்படை.

இந்நிலையை எதிர்த்துக் கிளம்பியவர்கள், அடிமை ஒழிப்பு என்ற பழைய சொல்லையே கையில் எடுத்துக்கொண்டு, 'சிறை ஒழிப்பு' என்று முழங்கினார்கள். 1998இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் இதற்காகப் பெரும் மாநாடு ஒன்று கூடியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் ஏஞ்சலா டேவிஸ். சிறைகள் காலாவதியாகிவிட்டனவா என்று கேள்வி எழுப்பும் நூலை 2003இல் எழுதியவரும் அவரே. சிறையை இடித்துத் தள்ளுங்கள் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. சிறை எதற்குப் பதிலாக நிற்கிறதோ அந்தப் பள்ளிக்கூடம், மருத்துவம், வேலை, குடியிருப்பு ஆகியவற்றைக் கட்டுங்கள் என்றும், மனிதர் மனிதர்க்கு இழைத்த தீங்கைச் சரிசெய்ய வேறு வழிகளை உருவாக்குங்கள் என்றும் சொல்கிறார்கள்.

முற்றிலும் சிறையே இல்லாத உலகம் என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். நம் மார்க்கம் தண்டனையை ஒழிக்கவில்லை. பிறருக்குத் தொடர்ந்து தீங்கிழைப்பவனைத் தடுத்து நிறுத்தும் கடமை ஆட்சியாளனுக்கு உண்டு. ஆனால் தடுத்து நிறுத்துவதற்கும், ஒரு சமூகத்தின் இளைஞர்களை மந்தை மந்தையாக அடைத்து வைப்பதற்கும் உள்ள வேற்றுமையை இவர்கள் உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் சிறைக்கென்று தனிக்கட்டடம் கிடையாது. யமாமாவின் தலைவர் ஸுமாமா பின் உஸால் கைதியாகக் கொண்டுவரப்பட்டபோது மஸ்ஜிதுந் நபவியின் தூணில்தான் கட்டிவைக்கப்பட்டார். மூன்று நாட்கள் தொழுகையையும் தோழர்களின் நடைமுறையையும் அவர் கண்ணாரக் கண்டார். நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு நாளும் அவரிடம் வந்து நலம் விசாரித்தார்கள். பிறகு ஈட்டுத்தொகை ஏதும் பெறாமல் அவிழ்த்துவிடச் சொன்னார்கள். விடுதலையாகிப் போனவர் அருகிலிருந்த தோட்டத்தில் குளித்துவிட்டுத் திரும்பி வந்து கலிமா மொழிந்தார். ஊருக்கு வெளியே, மனிதக் கண் படாத இடத்தில் சுவரெழுப்பி அடைப்பதே தண்டனை என்று எண்ணும் இக்காலத்தில், ஊரின் நடுமையத்தில், மக்கள் வந்து போகும் பள்ளிவாசலில் கைதியை வைத்திருந்த அந்த ஏற்பாட்டைச் சிந்திக்காமல் இருக்க முடியவில்லை.

வட்டமாக அமர்ந்தவர்கள்

மாற்றுவழி என்று பேசுவது எளிது. செய்து காட்டுவது கடினம். செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

ஏஞ்சலா டேவிஸின் தங்கை ஃபானியா டேவிஸ் ஒரு வழக்கறிஞர். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் நிறவெறியின் கொடுமைகளுக்கு நடுவே வளர்ந்தவர். 2005இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், தீங்கைச் சீர்செய்யும் நீதிமுறைக்காக ஓர் அமைப்பை நிறுவினார். அந்நகரப் பள்ளி ஒன்றில் சண்டையிட்ட மாணவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக வட்டமாக அமர வைத்தார்கள். அடித்தவன், அடிபட்டவன், இருவரின் பெற்றோர், ஆசிரியர் எல்லோரும் ஒரே வட்டத்தில். ஒரு பொருள் கைமாறி வரும். அது எவர் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம், மற்றவர் செவிமடுக்க வேண்டும். என்ன நடந்தது, யாருக்கு என்ன இழப்பு, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்யவேண்டும் என்பவையே அங்கு எழுப்பப்படும் கேள்விகள். அந்தப் பள்ளியில் மாணவர் இடைநீக்கம் பெருமளவு குறைந்துபோயிற்று. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட கறுப்பினப் பிள்ளை அடுத்துப் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சிறை என்பதை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

இம்முறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நவஹோ பழங்குடியினர் தம் முன்னோரின் சமாதான முறையை 1982இல் தங்கள் நீதிமன்றத்தோடு இணைத்துக்கொண்டனர். நியூசிலாந்தில் மவோரி மக்களின் குடும்பக் கூட்ட வழக்கத்தை அடியொற்றி, இளங்குற்றவாளிகளுக்காக 1989இல் சட்டமே இயற்றப்பட்டது.

'பள்ளிப் பிள்ளைகளின் சண்டைக்கு இது சரி. கத்திக்குத்துக்கும் கொள்ளைக்கும் எடுபடுமா?' என்று கேட்கலாம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 2008இல் தொடங்கப்பட்ட 'காமன் ஜஸ்டிஸ்' என்னும் அமைப்பு வன்முறைக் குற்றங்களையே எடுத்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டுமே குற்றவாளி சிறைக்குப் பதிலாக இந்த வழிக்கு வரமுடியும். அவ்வாறு கேட்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் சம்மதித்திருக்கிறார்கள் என்று அதை நிறுவிய டேனியல் செரெட் தெரிவிக்கிறார். அவர்கள் எல்லோரும் இரக்கத்தால் மட்டும் சம்மதித்தவர்கள் அல்லர். குத்தியவன் சிறைக்குப் போய் மேலும் கொடியவனாகித் தம் தெருவுக்கே திரும்பி வருவான் என்பதை அறிந்தவர்கள். இனி இவன் யாரையும் குத்தக்கூடாது என்பதே அவர்கள் வேண்டியது. கனவு காண்பவர்களின் பேச்சன்று அது. அந்தத் தெருவிலேயே வாழ்ந்தாக வேண்டியவர்களின் கணக்கு.

குற்றவாளிக்கும் இது எளிய வழி அன்று. சிறையில் ஒருவன் தான் செய்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே ஆண்டுகளைக் கழித்துவிடலாம். தன்னால் காயம்பட்டவரின் எதிரே அமர்ந்து, 'நான்தான் செய்தேன்' என்று சொல்வதற்குத்தான் கால் நடுங்கும்.

பெண்கள் எழுப்பிய கேள்வி

இந்த இயக்கத்துக்குள்ளேயே மிகக் கூர்மையான கேள்வியை எழுப்பியவர்கள் பெண்கள். 2000ஆம் ஆண்டில் வெள்ளையர் அல்லாத பெண்கள் கூடி, பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கும் 'இன்சைட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே சிறை ஒழிப்பாளர்களோடு சேர்ந்து கூட்டறிக்கை ஒன்றையும் வெளியிட்டார்கள். கணவன் அடிக்கிறான் என்று காவல்துறையை அழைத்தால் சில வேளைகளில் அடிபட்ட பெண்ணையே கைது செய்கிறார்கள். குடியேறிய குடும்பமாயின் நாடு கடத்தும் அச்சம். கறுப்பின ஆணாயின் காவலர் குண்டுக்கு இரையாகும் அச்சம். எனவே பலர் அழைப்பதே இல்லை. மறுபுறம் சமூகத்தின் மானம் போகிறது, வாயை மூடிக்கொள் என்று சொந்தக்காரர்களே அடக்குகிறார்கள். இரண்டு பக்கமும் அடைபட்ட பெண் எங்கே போவாள்? சிறையை எதிர்க்கும் வீரர்கள் அவளுக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

இக்கேள்விக்கு நடைமுறையில் விடை தேடியவர்களில் கொரிய வம்சாவளியைச் சேர்ந்த மிமி கிம் என்ற அம்மையார் குறிப்பிடத்தக்கவர். ஆசியக் குடியேறிகளின் குடும்பங்களில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் பல்லாண்டு உதவிய அவர், 2004இல் ஓக்லாந்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். உற்றாரும் நண்பரும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படிப் பாதுகாப்பது, அடிப்பவனை எப்படி நிறுத்துவது, அவனைப் பொறுப்பேற்கச் செய்வது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்கும் பெரியதொரு கையேட்டை அவ்வமைப்பு 2012இல் வெளியிட்டது. அந்த வழியில் முதலிடம் பாதுகாப்புக்கே, சமாதானம் பிறகுதான்.

இதை நம் வீடுகளில் உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடிபட்டு வந்த மகளை, 'பொறுத்துப் போ, ஸபூர் செய்' என்று சொல்லி அதே வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதற்கு மன்னிப்பு என்றும் அன்பு என்றும் பெயர் சூட்டுகிறோம். மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உரியது. அதை அவர் கையிலிருந்து பிடுங்கி நாம் வழங்க முடியாது. மதீனாவில் பெண்கள் பலர் கூட்டமாக வந்து, கணவன்மார் அடிப்பதாக நபி (ஸல்) அவர்களின் வீட்டாரிடம் முறையிட்டபோது, அப்படிப்பட்ட ஆண்கள் உங்களில் சிறந்தவர்கள் அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள் என்பதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. முறையிட்ட பெண்களை அவர்கள் குறைகூறவில்லை.

உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷீயின் நிகழ்ச்சியும் இங்கே நினைவுக்கு வருகிறது. பின்னாளில் அவர் இஸ்லாத்தைத் தழுவி வந்து நின்றபோது அவரை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், பழிவாங்கவில்லை. ஆனால் தம் கண்ணெதிரே வராமல் இருக்க இயலுமா என்று கேட்டார்கள். மன்னித்த பிறகும் சிறிய தந்தையின் இழப்பு அவர்களின் நெஞ்சில் வலித்தது. மன்னித்தவர் கட்டித் தழுவியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அஸீம் கமீஸா கைகோத்தார் என்பதற்காக, மகனை இழந்த ஒவ்வொரு தந்தையும் அப்படியே செய்ய வேண்டும் என்று எவரும் வற்புறுத்தலாகாது.

தழுவிக்கொண்டவர்களும் இல்லாமல் இல்லை. தாய்லாந்திலிருந்து குடியேறிய அப்துல் முனிம் சொம்பத் ஜித்மவுத் என்ற பெரியவர், அமெரிக்காவின் இஸ்லாமியப் பள்ளிகளில் பணியாற்றியவர். அவருடைய 22 வயது மகன் ஸலாஹுத்தீனும் பீட்சா கொண்டுபோன இடத்தில்தான், 2015 ஏப்ரலில், கெண்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் கொல்லப்பட்டார். 2017 நவம்பரில் அவ்வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்டபோது அந்தத் தந்தை எழுந்து, மகனின் சார்பிலும் முன்பே மறைந்துவிட்ட தம் மனைவியின் சார்பிலும் மன்னிப்பதாக அறிவித்தார். தம் சினம் ஷைத்தானின் மீதே என்றார். குற்றவாளி இளைஞனை மார்போடு அணைத்துக்கொண்டார். நீதிபதியாக இருந்த அம்மையார் கண்ணீரை அடக்க மாட்டாமல் விசாரணையைச் சற்றுநேரம் நிறுத்திவைத்தார். அப்போதும் 31 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வங்கதேசத்திலிருந்து சென்ற ரயீஸ் புய்யானின் கதை இன்னொரு வகை. 2001 செப்டம்பர் 11க்குப் பின் முஸ்லிம்களைத் தேடிச் சுட்ட வெறியன் ஒருவன், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் அவரைச் சுட்டான். ஒரு கண்ணின் பார்வை போயிற்று. அவ்வெறியனால் வேறு இருவர் உயிரிழந்தனர். ஒருவர் பாகிஸ்தானியர், மற்றவர் இந்திய இந்து. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பின் ரயீஸ் தம்மைச் சுட்டவனின் மரண தண்டனையைத் தடுக்கப் போராடினார். மாநில அரசுக்கு எதிராக வழக்கே தொடுத்தார். பலிக்கவில்லை. 2011 ஜூலை 20 அன்று மரண தண்டனை நிறைவேறியது. அன்று தொலைபேசியில் சிறிது நேரம் அவ்விருவரும் பேசிக்கொண்டார்கள். முஸ்லிம் என்று எண்ணிச் சுட்டவன், அந்த முஸ்லிமைச் சகோதரன் என்று அழைத்துவிட்டுப் போனான்.

அநீதி இழைப்பவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தபோது, அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விடை கிடைத்தது. அன்பும் நீதியும் இங்கே இரண்டாக இல்லை. டோனியின் கையைப் பிடித்துத் தடுக்க அந்தச் சனிக்கிழமை இரவில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். அறக்கட்டளையின் பணி அதிலிருந்தே தொடங்கியது.

அந்தப் பதினான்கு வயதுச் சட்டமும் நிலைக்கவில்லை. 2018இல் கலிபோர்னியா மாநிலம் அதை மாற்றியது. பதினாறு வயது நிரம்பாத சிறுவர்களைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பும் வழி அடைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், டோனி ஹிக்ஸை நன்னடத்தை அடிப்படையில் விடுவிக்கலாம் என்று முடிவாயிற்று. 2019 ஏப்ரலில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 38. அறக்கட்டளையை அந்நாட்களில் நடத்தி வந்தவர் தாரிக்கின் சகோதரி தஸ்ரீன். தாரிக் உயிரோடு இருந்திருந்தால் நாற்பது வயதைக் கடந்திருப்பார்.